சுரங்கத்தில் மாண்ட சிறார்களின் குடிவழி ஆவணங்கள்: ஹஸ்கர் சுரங்க விபத்தை (1838) முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில், பார்ன்ஸ்லி நகரை அடுத்த சில்க்ஸ்டன் என்னும் ஊரின் ஹஸ்கர் நிலக்கரிச் சுரங்கத்தில், 1838 ஜூலை 4 அன்று 26 சிறார்கள் வெள்ளத்தில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் 11 பேர் சிறுமியர். 15 பேர் சிறுவர். வயது 7 முதல் 17 வரை. இவ்விபத்து பெரும்பாலும் 1842ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் முன்கதையாகவே வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறது. இறந்த சிறார்கள் எந்தெந்த ஆவணங்களில், எவ்வகை அடையாளத்துடன் பதிவாகியிருக்கக்கூடும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. திருமுழுக்குப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, குடிமைப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, மரண விசாரணை, நினைவுக்கல் ஆகியவற்றின் அமைப்பை ஒப்பிட்டு, உழைப்பாளியாக இறந்த ஒரு சிறுவர் ஆவணத்தில் எவ்வாறு வெறும் ‘மகன்’ அல்லது ‘மகள்’ ஆக மாறுகிறார் என்பதை இது காட்ட முயல்கிறது.

திறவுச்சொற்கள்: குடிவழி ஆய்வு, நிலக்கரிச் சுரங்கம், குழந்தை உழைப்பு, குடிமைப் பதிவு, நினைவுக்கல், சில்க்ஸ்டன்

முன்னுரை

குடிவழி ஆய்வு நெடுங்காலம் உயர்குடியினரின் பொழுதுபோக்காகவே கருதப்பட்டு வந்தது. நிலமும் பட்டமும் உடையோர் தம் வழிமுறையை நிறுவ வேண்டிய தேவை இருந்தது. அதற்கான ஏடுகளும் இருந்தன. உழைக்கும் மக்களின் குடிவழியைத் தேடுவோர்க்கு இவ்வசதி இல்லை. அவர்களைப் பற்றிய ஆவணங்கள் அவர்களுக்காக எழுதப்பட்டவை அல்ல. திருச்சபையும் அரசும் சுரங்க உரிமையாளரும் தத்தம் தேவைக்காக எழுதிவைத்த குறிப்புகளிலிருந்தே அவர்களின் பிறப்பும் உறவும் இறப்பும் மீட்டெடுக்கப்பட வேண்டியுள்ளன.

சுரங்க விபத்தில் இளவயதில் இறந்தோரைப் பொறுத்தவரை இச்சிக்கல் மேலும் கடுமையானது. திருமணம் செய்யாமல், பிள்ளை பெறாமல், வாக்களிக்காமல், வீட்டுத்தலைவராக எந்தப் பட்டியலிலும் இடம்பெறாமல் இறந்தவருக்குக் குடிவழி மரத்தில் கீழ்க்கிளை கிடையாது. வழித்தோன்றல் இல்லாதவரைத் தேடி வருவோரும் அரிது. உடன்பிறந்தாரின் பேரர்கள் தற்செயலாகக் கண்டாலன்றி, அப்பெயர் ஏட்டிலேயே உறங்கிக் கிடக்கும்.

ஹஸ்கர் விபத்து இந்நிலையை ஆராய்வதற்கு ஏற்ற களமாக அமைவதற்கு அதன் காலமே காரணம். இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவற்றின் குடிமைப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. விபத்து நிகழ்ந்தது அதற்கு ஓராண்டும் மூன்று நாளும் கழித்து. பெயர்களைப் பேணிய முதல் நாடளாவிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1841 ஜூன் 6 அன்று நடந்தது. அதற்குள் இச்சிறார்கள் இறந்து ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆகிவிட்டன. பழைய ஆவண முறை முடிந்து புதிய முறை முழுமையடையாத ஓர் இடைவெளியில் அவர்கள் வாழ்ந்து மறைந்தனர்.

விபத்து

விக்டோரியா அரசியின் முடிசூட்டு விழா 1838 ஜூன் 28இல் நடந்தது. அதற்கு ஆறு நாள் கழித்து, புதன்கிழமை பிற்பகலில், சில்க்ஸ்டன் பகுதியில் இடியுடன் ஆலங்கட்டி மழை கொட்டியது. சுரங்கத்தின் தலைக்குழியில் ஆட்களையும் கரியையும் மேலேற்றும் நீராவி எந்திரத்தின் கொதிகலன் நெருப்பை மழைநீர் அணைத்துவிட்டது. எந்திரம் நின்றதும், கீழே இருந்தவர்கள் மேலேறும் வழி அடைபட்டது. குழியின் அடியில் காத்திருக்குமாறு செய்தி அனுப்பப்பட்டது.

சிறார்களுள் ஒரு பகுதியினர் காத்திருக்கவில்லை. காலையிலிருந்து இருளில் உழைத்துக் களைத்திருந்தவர்கள் அவர்கள். காற்றோட்டத்திற்காக மலைச்சரிவிலிருந்து சாய்வாக வெட்டப்பட்ட ஒரு சுரங்கவழி நாப்ஸ் காட்டுப் பக்கம் வெளியே திறந்தது. அதன் வழியே வெளியேற முனைந்தனர். அவ்வழியில் காற்றைத் தடுத்துத் திருப்பும் மரக்கதவு ஒன்று இருந்தது. அதைக் கடந்து அவர்கள் மேல்நோக்கி நடந்துகொண்டிருந்தபோது, வழக்கமாகச் சிறு ஓடையாகவோ வறண்டோ கிடக்கும் நீர்த்தடம் பெருக்கெடுத்துச் சுரங்கவழிக்குள் பாய்ந்தது. நீர் அவர்களை அடித்துக் கீழே தள்ளிக் கதவின்மீது மோதியது. கதவை அழுத்தி மூடியதும் அந்நீரே. கதவுக்குப் பின்னால் அகப்பட்டவர்கள் மூழ்கினர்.

தலைக்குழியின் அடியில் காத்திருந்தவர்களுக்கு ஆபத்து நேரவில்லை என்பது பின்னர் பலராலும் சுட்டப்பட்ட செய்தி. சிறார்கள் சொற்படி கேளாமையே இறப்புக்குக் காரணம் என்ற பொருளில் அது சொல்லப்படுவதுண்டு. ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் நிலத்தடியில் எந்தச் சொற்படி கேட்க வேண்டியவனாக அங்கே இருந்தான் என்ற வினாவை அக்கூற்று எழுப்புவதில்லை.

திருமுழுக்குப் பதிவேடு: தந்தையின் தொழில்

இறந்தோரின் வயதைக் கொண்டு கணக்கிட்டால், 26 பேரும் 1820க்கும் 1831க்கும் இடையில் பிறந்தவர்கள். அக்காலத்தில் பிறப்பைப் பதிவு செய்யும் அரசு முறை இல்லை. ஞானஸ்நானம் எனப்படும் திருமுழுக்கே எழுத்தில் பதிவான முதல் நிகழ்வு. ரோஸ் சட்டம் என்று அழைக்கப்படும் 1812ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1813 முதல் இங்கிலாந்துத் திருச்சபையின் ஒவ்வொரு பங்கிலும் அச்சிட்ட படிவ ஏடுகள் பயன்பாட்டுக்கு வந்தன. திருமுழுக்கு ஏட்டின் பத்திகள் இவை: நாள், குழந்தையின் பெயர், பெற்றோரின் பெயர்கள், குடும்பப்பெயர், வசிப்பிடம், தொழில் அல்லது தகுதி, சடங்கு செய்த குருவின் பெயர். தொழில் பத்தியில் எழுதப்படுவது தந்தையின் தொழில். தாயின் பிறந்தகக் குடும்பப்பெயருக்குப் பத்தி இல்லை.

இவ்வேட்டைக் கையாளுவோர் இரண்டு இடர்களை மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, திருமுழுக்கு நாள் பிறந்த நாள் அன்று. உடன்பிறந்தார் பலருக்கு ஒரே நாளில் திருமுழுக்களிப்பது உழைப்பாளர் குடும்பங்களில் வழக்கத்திற்கு மாறானது அல்ல. இரண்டாவது, சில்க்ஸ்டன் பழைய பெரும்பங்குகளுள் ஒன்று. பார்ன்ஸ்லி, டாட்வொர்த், தர்கோலண்ட் முதலிய ஊர்கள் ஒரு காலத்தில் அதன் எல்லைக்குள் அடங்கியிருந்தன. துணைக்கோயில்களுக்குத் தனி ஏடுகள் உண்டு. கார்த்தோர்ன் போன்ற அண்டைப் பங்குகளும் நடந்து செல்லும் தொலைவில் இருந்தன. கரி கிடைக்கும் குழியை நாடிக் குடும்பங்கள் இடம்பெயர்ந்த நிலையில், ஒரே வீட்டுப் பிள்ளைகளின் திருமுழுக்குகள் மூன்று ஏடுகளில் சிதறிக் கிடக்கலாம். சுரங்கப் பகுதிகளில் மெதடிஸ்ட் இயக்கம் வலுவாக வேரூன்றியிருந்ததும் கருதத்தக்கது. திருச்சபையில் சேராத சபையினரின் ஏடுகள் 1837இலும் பின்னரும் அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, இன்று கியூ நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பங்கு ஏட்டில் பெயர் இல்லையெனில் திருமுழுக்கே நடக்கவில்லை என்று முடிவுகட்டுவது தவறாகும்.

ஒரு தலைமுறை மேலே செல்வது இதனினும் கடினம். இச்சிறார்களின் பெற்றோர் 1837க்கு முன் மணமுடித்தவர்கள். 1753ஆம் ஆண்டின் ஹார்டுவிக் சட்டத்தைத் தொடர்ந்து வந்த திருமணப் படிவங்களில் மணமக்களின் பெயர், பங்கு, சாட்சிகளின் பெயர் ஆகியவை உண்டு. மணமக்களின் தந்தையர் பெயர் இல்லை. அது 1837 ஜூலைக்குப் பிறகே திருமண ஏட்டில் இடம்பெறத் தொடங்கியது. ஆகவே மாண்ட சிறுவரின் பாட்டன் யார் என்பதைத் திருமண ஏடு நேரடியாகச் சொல்லாது.

இங்கே குடிவழி ஆய்வாளர்க்கு உதவுவது எதிர்பாராத ஒரு சான்று. 1837 ஜூலைக்குப் பின் பிறந்த குழந்தையின் பிறப்புப் பதிவில் தாயின் பிறந்தகக் குடும்பப்பெயர் இடம்பெறும். விபத்தில் பிள்ளையை இழந்த தாய்க்கு அதன்பின் ஒரு குழந்தை பிறந்து, அது முறையாகப் பதிவாகியிருந்தால், அந்தத் தம்பியோ தங்கையோ வழியாகவே மூத்த பிள்ளையின் தாய்வழி தெரியவரும். தான் கண்டிராத அண்ணனுக்கோ அக்காவுக்கோ வேர் கண்டு தருபவர் அந்த இளையவர். பொதுப்பதிவு அலுவலகம் 2016இல் வெளியிட்ட இணைய அட்டவணையில் பிறப்புகளுக்குத் தாயின் பிறந்தகப் பெயரும் இறப்புகளுக்கு வயதும் 1837 முதலே தரப்பட்டுள்ளன. பழைய அச்சு அட்டவணையில் இறந்தோர் வயது 1866 முதல்தான் கிடைக்கும். ஒரே பெயருடைய பலரிடையே உரியவரைத் தெரிவு செய்வது இப்போது முன்பைவிட எளிதாகியுள்ளது.

இறப்புப் பதிவும் மரண விசாரணையும்

1838இல் வழக்கிலிருந்த இறப்புப் பதிவுப் படிவம் இறந்த நாள், பெயர், பால், வயது, தகுதி அல்லது தொழில், இறப்பின் காரணம், தகவல் தந்தவரின் ஒப்பம், பதிவு நாள், பதிவாளரின் ஒப்பம் என்னும் பத்திகளைக் கொண்டது. இயல்பான இறப்பில் தகவல் தருபவர் பெரும்பாலும் உறவினரோ உடனிருந்தவரோ ஆவார். எழுத்தறியாதவராயின் கைக்குறி இடுவார். பல குடும்பங்களில் ஒரு தாயோ தந்தையோ அரசு ஏட்டில் விட்டுச்சென்ற ஒரே தடம் அந்தக் கைக்குறிதான்.

மரண விசாரணை நடந்த இறப்புகளில் இந்நிலை மாறிவிடுகிறது. 1836ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அத்தகைய இறப்புகளின் விவரங்களை விசாரணை அதிகாரியே பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று வகுத்தது. ஆகவே தகவல் தந்தவர் பத்தியில் அதிகாரியின் பெயர் நிற்கும். சுரங்கத்தில் பிள்ளையை இழந்த பெற்றோர் அப்பிள்ளையின் இறப்புப் பதிவில் ஒப்பமிடுவதில்லை. சட்டத்தின் நோக்கம் துல்லியம். அதன் விளைவு, ஒரே நாளில் பலர் இறந்த விபத்தில் அத்தனை பதிவுகளும் ஒருவர் வாய்மொழியாக அமைவது.

தொழில் பத்தி இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. அக்காலப் பதிவு வழக்கில் சிறுவயதினர் இறக்கும்போது, அப்பத்தியில் ‘இன்னாரின் மகன்’, ‘நிலக்கரித் தொழிலாளி இன்னாரின் மகள்’ என்று எழுதுவது பரவலாக இருந்தது. குடிவழி ஆய்வாளருக்கு இது பெரும்பேறு. தந்தையின் பெயரும் தொழிலும் ஒருங்கே கிடைக்கின்றன. உழைப்பின் வரலாற்றை எழுதுவோர்க்கோ இது இழப்பு. வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் வேலையினால் இறந்த ஒரு சிறுமியின் தொழில், அத்தொழிலுக்கென்றே அமைந்த பத்தியில் மறைந்துபோகிறது. ஒரே வரி ஒரு துறைக்குக் கொடையாகவும் மற்றொன்றுக்கு மறைப்பாகவும் அமைவதைக் குடிவழி நூல்கள் போதிய அளவு சுட்டுவதில்லை.

ஹஸ்கர் விபத்திற்கான விசாரணை, அக்கால வழக்கப்படி, ஊரில் நடுவர் குழுவைக் கூட்டி விரைவில் நடத்தப்பட்டது. தற்செயலாக மூழ்கி இறந்ததாகத் தீர்ப்பு அமைந்தது. விசாரணை அதிகாரிகளின் மூலத்தாள்கள் பொதுவாகவே 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கு அரிதாக எஞ்சியவை. சாட்சியங்களை நாளிதழ்ச் செய்திகளின் வழியாகவே அணுக வேண்டியுள்ளது. செய்தித்தாள் தரும் பெயர்களின் எழுத்துக்கோவையையும் வயதையும் பதிவேட்டோடும் கல்லோடும் ஒப்பிடாமல் ஏற்கலாகாது. செய்தியாளர் காதால் கேட்டு எழுதியவர். பெயருக்கு உரியவர்களில் பலர் அதனைத் தாமே எழுதிப் பார்த்ததில்லை.

ஊதிய ஏட்டில் இல்லாத தொழிலாளி

சிறார்களின் வேலை இருவகைப்பட்டது. கரி வெட்டுவோர் வெட்டிய கரியைத் தொட்டிகளில் ஏற்றித் தாழ்வான வழிகளில் இழுத்தும் தள்ளியும் குழியடிக்குக் கொண்டு சேர்ப்பது ஒன்று. காற்றுக்கதவருகே அமர்ந்து, தொட்டி வரும்போது திறந்து, சென்றபின் மூடுவது மற்றொன்று. கதவு காப்போர் பொதுவாக மிக இளையவர்கள்.

இவர்களைச் சுரங்க உரிமையாளரின் கணக்கேடுகளில் தேடுவோர் ஏமாற்றமடைவதே மிகுதி. யார்க்சயர் கரிப்பகுதியின் பல சுரங்கங்களில் கரி வெட்டுபவர் வெட்டிய அளவுக்குக் கூலி பெற்றார். தமக்கு வண்டி இழுப்பவரை அவரே அமர்த்திக்கொண்டார். அவர் பெரும்பாலும் தம் பிள்ளையாகவோ உறவினர் பிள்ளையாகவோ இருப்பார். கூலி தந்தையின் கைக்கு வந்தது. பிள்ளையின் பெயர் ஏட்டுக்கு வரவில்லை. குடும்பமே உற்பத்தி அலகாக இயங்கிய இம்முறையில், உரிமையாளருக்கும் சிறுவருக்கும் இடையே எழுத்தில் எவ்வித உறவும் தேவைப்படவில்லை.

1841 கணக்கெடுப்பும் இதே தடத்தில் சென்றது. பெற்றோருடன் வாழ்ந்து, ஊதியமின்றி அவர்களுக்கு உதவும் பிள்ளைகளின் தொழிலையும் மனைவியரின் தொழிலையும் குறிக்க வேண்டியதில்லை என்பது கணக்கெடுப்பாளர்க்குத் தரப்பட்ட அறிவுரை. தந்தையின் வண்டியை இழுக்கும் பத்து வயதுச் சிறுமி ‘உதவுபவளா’, ‘தொழிலாளியா’? விடை கணக்கெடுப்பவரின் கையில் இருந்தது. ஒரு சுரங்க ஊரின் 1841 கணக்கில் சிறார்களின் தொழில் பத்தி வெறுமையாக இருப்பதைக் கண்டு, அங்கே குழந்தை உழைப்புக் குறைவு என்று முடிவு செய்வோர் இவ்வறிவுரையை மறந்துவிடுகின்றனர்.

இக்கணக்கெடுப்புக்கு வேறு குறைகளும் உண்டு. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயது ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதப்பட்டது. 24 வயதினர் 20 என்று பதிவாவார். வீட்டுத்தலைவரோடு உள்ள உறவு குறிக்கப்படவில்லை. பிறந்த இடம் அதே மாவட்டமா, இல்லையா என்பது மட்டுமே கேட்கப்பட்டது. உறவும் பிறந்த பங்கும் முதன்முதலாக 1851 கணக்கெடுப்பில்தான் தெளிவாகின்றன. ஹஸ்கரில் பிள்ளையை இழந்த ஒரு பெற்றோரைத் தேடுவோர் 1851இல் அவர்களை உயிருடன் கண்டால், தாயின் பிறந்த ஊரைக் கொண்டு அவளுடைய திருமணத்தையும் திருமுழுக்கையும் பின்னோக்கித் தேடலாம். இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு இடும் வழக்கம் அக்காலத்தில் பரவலாக இருந்தமையால், 1841இல் அப்பெயருடன் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று தென்படலாம். பெயர் ஒன்றாயிருப்பதால் ஆளும் ஒருவரே என்று கொண்டு இறந்தவரை உயிர்ப்பித்துவிடும் குடிவழி மரங்கள் இன்றும் குறைவல்ல.

உயிருடன் இருந்தோரின் வாய்மொழி

இறந்த சிறார்களைவிட, அதே பகுதியில் உயிர்தப்பி உழைத்த சிறார்களைப் பற்றியே ஆவணம் மிகுதி என்பது ஒரு முரண். ஆஷ்லி பிரபுவின் முயற்சியால் 1840இல் அமைக்கப்பட்ட குழந்தைகள் பணி ஆணையம், தன் முதல் அறிக்கையைச் சுரங்கங்கள் பற்றி 1842இல் வெளியிட்டது. பார்ன்ஸ்லி உள்ளிட்ட யார்க்சயர் கரிப்பகுதியை ஆராய்ந்தவர் துணை ஆணையர் ஜெலிங்கர் சைமன்ஸ். அவர் சிறார்களிடம் நேரில் வினவி, பெயர், வயது, வேலைநேரம், பள்ளி, சமய அறிவு ஆகியவற்றோடு அவர்கள் கூறியதைப் பதிந்தார்.

பார்ன்ஸ்லிக்கு அருகிலுள்ள காபர் சுரங்கத்தில் கதவு காத்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் சாட்சியம் பலராலும் எடுத்தாளப்படுவது. விடியற்காலை நான்கு மணிக்கு, சில நாள் அதற்கும் முன்பே, குழிக்குச் சென்று மாலை ஐந்து மணிக்குமேல் வெளிவருவதாகவும், விளக்கில்லாமல் அமர்ந்திருக்கையில் அச்சமாக இருப்பதாகவும், வெளிச்சம் இருந்தால் சில வேளை பாடுவதாகவும் இருளில் பாடுவதில்லை என்றும் அவள் சொல்கிறாள். குடிவழி நோக்கில் இச்சாட்சியம் ஒப்பற்றது. திருமுழுக்கு ஏடும் கணக்கெடுப்பும் தராத ஒன்றை, அதாவது தன் நாளை அச்சிறுமியே எவ்வாறு அளந்தாள் என்பதை, இது தருகிறது. ஹஸ்கரில் இறந்தோருள்ளும் எட்டு வயதினர் பலர் உண்டு. அவர்களிடம் வினவ அரசு இரண்டாண்டு பிந்திவிட்டது.

ஹஸ்கர் விபத்தின் அதிர்ச்சியே நேரடியாக இவ்வாணையத்திற்கும் சட்டத்திற்கும் காரணம் என்று பொதுமக்களுக்கான நூல்கள் கூறுவது வழக்கம். இக்கூற்றை அவ்வாறே ஏற்பதற்கில்லை. நாடாளுமன்றத்தில் ஆஷ்லி ஆணையம் கோரியது விபத்துக்கு ஈராண்டு கழித்து, 1840 ஆகஸ்டில். ஆணையத்தின் பணி சுரங்கங்களோடு நில்லாமல், ஆலைச் சட்டங்களின் பாதுகாப்புக்கு வெளியே இருந்த பிற தொழில்களையும் தழுவியது. ஹஸ்கர் ஒரு தூண்டுகோல் எனலாம். தனிக்காரணம் எனல் மிகை. மறுபுறம், 1842 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம் பெண்கள், சிறுமியர் அனைவரையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கியது. அது நான்காண்டுகள் முன்னதாக வந்து நடைமுறையும் பெற்றிருந்தால், அந்த 26 பேருள் பெரும்பான்மையோர் அன்று குழிக்குள் இருந்திருக்க முடியாது.

இச்சட்டத்தின் நடைமுறைச் சிக்கலே ஒரு குடிவழிச் சிக்கல்தான். 1842இல் பத்து வயதான சிறுவனுக்குப் பிறப்புச் சான்று கிடையாது. குடிமைப் பதிவின்கீழ்ப் பிறந்த முதல் சிறுவர் பத்து வயதை எட்டியது 1847இல். அதுவரை வயதை மெய்ப்பிக்கத் திருமுழுக்கு ஏடும் பெற்றோரின் சொல்லும் மட்டுமே இருந்தன. கூலி தேவைப்பட்ட பெற்றோரின் சொல் ஒன்பதைப் பத்தாக்குவது கடினமன்று.

பின்வந்த பதிவுகள்: ஓக்ஸ் சுரங்கம்

1850ஆம் ஆண்டுச் சட்டம் சுரங்க ஆய்வாளர்களை நியமித்து, உயிரிழப்பு விபத்துகளை அரசுக்கு அறிவிப்பதைக் கட்டாயமாக்கியது. ஆய்வாளர்களின் ஆண்டறிக்கைகளில் இறந்தவரின் பெயர், வயது, வேலை, சுரங்கம், விபத்தின் காரணம் ஆகியவை பட்டியலாகத் தரப்பட்டன. சுரங்கத்தில் இறந்த சிறுவன் தன் தொழிற்பெயரோடு அரசு ஏட்டில் இடம்பெறுவது இப்பட்டியல்களில்தான் முறையாகிறது. இங்கே அவன் வண்டி இழுப்பவன், கதவு காப்பவன். தந்தையின் பெயரோ தேவையற்றதாகிவிடுகிறது. ஒன்று குடிவழி, இல்லையேல் தொழில்: ஆவணங்கள் இரண்டையும் ஒரே வரியில் தருவது அரிது.

பட்டியல் இருப்பதனால் எண்ணிக்கை சரியாகிவிடுவதும் இல்லை. பார்ன்ஸ்லியை அடுத்த ஓக்ஸ் சுரங்கத்தில் 1866 டிசம்பர் 12 அன்று நிகழ்ந்த வெடிப்பிலும், மறுநாள் மீட்புப் பணியின்போது நிகழ்ந்த வெடிப்பிலும் இறந்தோர் 361 பேர் என்பது நூற்றைம்பது ஆண்டுகள் வழங்கிவந்த கணக்கு. 150ஆம் ஆண்டு நினைவை ஒட்டித் தன்னார்வ ஆய்வாளர்கள் ஆவணங்களை மீண்டும் ஒப்புநோக்கி, அவ்வெண்ணிக்கையை 383 ஆகத் திருத்தினர். குழிக்குள் எத்தனைபேர் இறங்கினர் என்பதற்கு நம்பத்தக்க ஏடு இல்லாத காலம் அது. உடல் மீட்கப்படாதவருக்கு அடக்கப் பதிவே எழாது. ஒரு குடும்பத்தில் திடீரென ஒருவர் மறைந்திருப்பதைக் கொண்டே சிலரை அடையாளம் காண வேண்டியிருக்கும். இங்கிலாந்தின் மிகப்பெரிய நிலக்கரிச் சுரங்க விபத்தின் இறப்புக் கணக்கே குடிவழி ஆய்வால் மாறியது என்பது, இத்துறையைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் எண்ணிப்பார்க்க வேண்டியது.

அடக்க ஏடும் நினைவுக்கல்லும்

ரோஸ் சட்டத்தின் அடக்கப் படிவம் திருமுழுக்குப் படிவத்தைவிடச் சுருக்கமானது. பெயர், வசிப்பிடம், அடக்கம் செய்த நாள், வயது, சடங்கு செய்தவர் ஆகியவை மட்டுமே. பெற்றோர் பெயருக்கோ, தொழிலுக்கோ, இறப்பின் காரணத்திற்கோ பத்தி இல்லை. பக்கத்திற்கு எட்டுப் பதிவுகள் என்ற அச்சு அமைப்பில், 26 பதிவுகள் மூன்று பக்கங்களுக்குமேல் நீளும். குரு ஓரத்தில் எதுவும் எழுதாதுவிட்டால், தொடர்ந்து வரும் சிறுவயதுகளைக் கண்டு கொள்ளைநோய் என்று கருதவும் இடமுண்டு.

சில்க்ஸ்டன் கோயில் வளாகத்தில் 1841இல் எழுப்பப்பட்ட நினைவுக்கல் இவ்வேட்டை நிறைவு செய்கிறது. வேறு சிலவற்றைத் திசைதிருப்பவும் செய்கிறது. அதன் வாசகம், அந்நாளில் ஆண்டவர் இடியையும் மின்னலையும் ஆலங்கட்டியையும் மழையையும் அனுப்பியதாகவும், நீர் திடீரெனச் சுரங்கத்துள் புகுந்ததாகவும், 26 உயிர்கள் படைத்தவரின் முன் அழைக்கப்பட்டதாகவும் அமைந்துள்ளது. சுரங்க உரிமையாளரின் பெயர் மதிப்பு அடைமொழியோடு பொறிக்கப்பட்டுள்ளது. காற்றுக்கதவைப் பற்றியோ, நின்றுபோன எந்திரத்தைப் பற்றியோ கல் பேசவில்லை. தீர்ப்பில் ‘தற்செயல்’ என இருந்தது கல்லில் ‘இறைசெயல்’ ஆகிறது. காட்டில் சுரங்கவழியின் வாயிலருகே இரு சிறார் உருவங்களுடன் இரண்டாம் நினைவிடம் அமைக்க 1988 வரை, 150 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று.

எனினும் இக்கல்லின் பெயர்ப்பகுதி, அதன் முகவுரையைவிட நேர்மையானது. சிறுமியரும் சிறுவரும் தனித்தனிப் பக்கங்களில் பொறிக்கப்பட்டுள்ளனர். பெயர்கள் அகரவரிசையிலோ வயது வரிசையிலோ இல்லை. எந்தக் குழியில் யார் கிடத்தப்பட்டனர் என்ற ஒழுங்கில் உள்ளன. ஆகவே கல்லே ஒரு வரைபடமாகவும் பயன்படுகிறது. பெற்றோரின் பெயர்கள் இல்லை. ஆயினும் உறவு முற்றிலும் விடுபடவில்லை. இரண்டு இடங்களில், அடுத்தடுத்துப் பொறிக்கப்பட்ட இரு சிறுவர்கள் உடன்பிறந்தோர் என்று கல் குறிக்கிறது: 10, 7 வயதுடைய இருவர், 12, 8 வயதுடைய இருவர். இக்குறிப்பு இல்லையெனில், குடும்பப்பெயர் ஒன்றாயிருப்பதை மட்டும் கொண்டு அவர்களை உடன்பிறந்தோர் என்று சொல்ல இயலாது. ஒரு சுரங்க ஊரில் ஒரே குடும்பப்பெயர் பெற்ற வீடுகள் பல இருக்கும். பெரியப்பன் பிள்ளையும் சித்தப்பன் பிள்ளையும் ஒரே குழியில் வேலை செய்வர்.

மூன்றாவது உறவுக் குறிப்பு சிறுமியர் பக்கத்தில் உள்ளது. சிறுமியரையும் சிறுவரையும் பிரித்துக் கிடத்தியபோது, 11 வயதுத் தங்கையும் 16 வயது அண்ணனும் வெவ்வேறு குழிகளுக்குரியவராயினர். அவள் தன் அண்ணனின் காலடியில் கிடக்கிறாள் என்று அவள் பெயருக்குக் கீழே வெட்டப்பட்டுள்ளது. அடக்கப் படிவத்தில் இதற்கான பத்தி இல்லை. இறப்புப் பதிவிலும் கணக்கெடுப்பிலும் இல்லை. இருவரின் கிடையையும் அறிந்த யாரோ ஒருவர் சொல்ல, கல்தச்சர் அதனை ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறார்.